விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: அச்சகத்தின் ஆறு கம்ப்யூட்டரையும் தூக்கிப் போட வேண்டுமா?

பெங்களூரு சாமராஜ்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் வேலூர் பக்கம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், பக்கத்துப் பள்ளிகளுக்கு அடையாள அட்டை என்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் வேலை எடுக்கிறார். அச்சகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஒன்று முன் கவுன்டரில். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவும் வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரும் அதில்தான் திறக்கின்றன. இன்னொன்றில் கணக்கெழுதும் டேலி, நெட் பேங்கிங், ஜி.எஸ்.டி. டிசைனுக்கு இரண்டு. 2021-ல் புதிதாக வாங்கியது ஒன்று, பெங்களூரின் கம்ப்யூட்டர் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கியது ஒன்று. ஐந்தாவது, விண்டோஸ் 7-லேயே ஓடும் பழைய சிஸ்டம். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் தமிழ், கன்னட எழுத்துருக்களும் அதில் இருக்கின்றன, டாங்கிள் என்ற லைசென்ஸ் சாவியைச் சொருகினால்தான் எழுத்துரு வேலை செய்யும். ஆறாவது, டிஜிட்டல் பிரின்டரோடு கம்பெனி கொடுத்த ரிப் கம்ப்யூட்டர், டிசைனை பிரின்டருக்குப் புரியும் வடிவாக மாற்றுவது.

ஏ.எம்.சி. என்ற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் வியாபாரி, "விண்டோஸ் 10 முடிந்துவிட்டது சார், இனி ஜி.எஸ்.டி. போர்ட்டலே திறக்காது" என்று சொல்லி, ஆறையும் மாற்ற 4,20,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எஸ்.பி. ரோட்டு சர்வீஸ் பையன் சிஸ்டத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறார். தம்பி மகன் நல்ல ஆன்டிவைரஸ் இருந்தால் போதும் என்கிறார். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மகள் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடச் சொல்கிறார். பதினேழு வருடமாகக் கூட இருக்கும் டிசைனரோ, பேஜ்மேக்கர் போனால் நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். "எங்களைப் போன்ற சின்னக் கடையை யார் வந்து தாக்கப் போகிறார்கள்? பழையபடியே ஓட்டினால் சட்டப்படி தப்பா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் எதுவும் நின்றுவிடாது. 2025 அக்டோபர் 14-ல் நின்றது, மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்தான். ஜி.எஸ்.டி. போர்ட்டல் பிரவுசரில் திறக்கிற விஷயம், அதற்கும் இந்தத் தேதிக்கும் சம்பந்தமில்லை. வியாபாரி சொன்னது சரியில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பது குற்றமும் இல்லை.

ஆனால் பழையபடியே ஓட்டலாம் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். விண்டோஸ் 7-க்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. அப்புறமும் மூன்று வருடம் எல்லாம் ஓடியது. 2023 பிப்ரவரியில் குரோம் பிரவுசர் அதைக் கைவிட்டது. அதன்பின் ஒவ்வொரு இணையதளமாக முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. விண்டோஸ் 10-க்கும் அந்த நாள் இப்படித்தான் மெதுவாக வரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாள். உங்கள் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகன் சொன்னதில் பாதிதான் சரி. விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் விவரங்கள் வந்துகொண்டிருக்கும். ஆனால் ஆன்டிவைரஸ் கெட்ட ஃபைலைத் தேடுகிறது. விண்டோஸுக்குள்ளேயே ஓட்டை இருந்தால் அதை அடைக்க அதனால் முடியாது. விண்டோஸ் 10, 11 இரண்டின் உள் பாகங்களில் நிறைய பொது. 11-க்கு ஓர் ஓட்டை அடைக்கப்படும்போது, அந்த ஓட்டை எங்கே இருந்தது என்று திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. 10-ல் அது திறந்தே கிடக்கும். மாதம் ஆக ஆக இந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

சின்னக் கடையை யார் தாக்குவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது அது ஆள் பார்க்கவில்லை. ஃபோல்டர் ஷேர் செய்யும் பழைய எஸ்.எம்.பி. முறையின் ஓட்டை வழியாக, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டைக்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போடாமல் விட்டவர்களே அதிகம் மாட்டினார்கள். உங்கள் கவுன்டரைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆட்களின் பென் டிரைவையும் மெயிலையும் காலையிலிருந்து ராத்திரி வரை திறப்பதுதான் அங்கே வேலையே. அந்தக் கம்ப்யூட்டர் அக்கவுன்ட்ஸ் சிஸ்டத்தோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறது. பெரிய கம்பெனியைவிட உங்கள் வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

எந்த சிஸ்டம் என்ன வேலை செய்கிறது

ஆறையும் ஒரே கொட்டேஷனில் போட்டதுதான் அடிப்படைத் தவறு. ஒவ்வொன்றின் வேலையும் வேறு, முடிவும் வேறாகத்தான் இருக்க வேண்டும். பணமும் வெளி ஃபைலும் தொடுகிறவை முதலில் மாற வேண்டும், மற்றவை காத்திருக்கலாம்.

2021-ல் வாங்கிய டிசைன் சிஸ்டத்தில் செக் செய்தபோது 'விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை' என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இருப்பது ஐ5-10400 என்றும் சொல்கிறீர்கள். அது பத்தாம் தலைமுறை பிராசசர், தாராளமாகத் தகுதி உண்டு. அனேகமாக டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி, பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸில் ஆஃப் ஆகிக் கிடக்கும். இன்டெல் போர்டுகளில் அது பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும். அதையும் செக்யூர் பூட் என்ற வசதியையும் ஆன் செய்தால் பெரும்பாலும் தீர்ந்தது. டிஸ்க் பழைய எம்.பி.ஆர். முறையில் இருந்தால் அதை ஜி.பி.டி.க்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி உண்டு. பேக்கப் எடுத்த பிறகு செய்யச் சொல்லுங்கள். உங்கள் விண்டோஸ் 10 முறையான லைசென்ஸ் என்றால் 11 இலவசம். கொட்டேஷனில் ஆறில் ஒன்று இப்படியே கழிந்துவிட்டது.

எஸ்.பி. ரோட்டில் வாங்கியதை 'ஐ5' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஐ5 என்பது எதையும் சொல்லாது. அதன் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-4590 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. இன்டெலில் பொதுவாக எட்டிலிருந்துதான் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறும். இனி பழைய சிஸ்டம் வாங்கப் போனாலும் பில்லில் அந்த முழு எண்ணை எழுதி வாங்குங்கள்.

அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை என்கிறீர்கள். இதை மாற்றித்தான் ஆக வேண்டும், இதுதான் முதலில். புதிதாகவோ, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட நல்ல பழையதாகவோ வாங்கலாம். மாற்றுவதற்கு முன் டேலி லைசென்ஸைப் பழைய சிஸ்டத்தில் சரண்டர் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு அல்லாடுகிறவர்கள் நிறைய. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்குப் புது சிஸ்டத்தில் டிரைவர் போட வேண்டும். மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் கடைசி நாட்களான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே 21-க்கு மேல் மாற்றுங்கள். புது சிஸ்டத்திலிருந்து ஒரு ரிட்டர்ன் நல்லபடியாகப் போய்ச் சேரும் வரை பழையதை அழிக்காதீர்கள். நெட் பேங்கிங்கில் எப்போதாவது ஏதாவது தப்பு நடந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணைக் கல்லாப் பக்கம் ஒட்டி வையுங்கள்.

கவுன்டர் சிஸ்டத்தில் மகள் சொல்வது எடுபடும். வாட்ஸ்அப் வெப், மெயில், பி.டி.எஃப். பார்ப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் அந்தப் பழைய ஐ3-யில் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும், செலவும் இல்லை. விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் பென் டிரைவில் வந்தாலும் அங்கே அது படுத்துவிடும். ஆனால் டிசைன் செய்யும் கோரல் டிராவும் டேலியும் லினக்ஸில் நேராக ஓடாது. எனவே கவுன்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிப் கம்ப்யூட்டரை நீங்களாகத் தொடவே தொடாதீர்கள். செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தில் எடிஷன் என்ன என்று மட்டும் பாருங்கள். மெஷினோடு வரும் கம்ப்யூட்டர்களில் பல நேரம் எல்.டி.எஸ்.சி. என்ற நீண்டகால எடிஷன் இருக்கும். ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 என்றால் 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. ஐ.ஓ.டி. இல்லாத வெறும் என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 என்றால் 2027 ஜனவரியோடு சரி. எல்.டி.எஸ்.சி. 2019 என்றால் 2029 ஜனவரி. சாதாரண 'புரோ' என்று இருந்தால், விண்டோஸ் 11-ல் ரிப் மென்பொருள் ஓடுமா என்று மெஷின் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பி அப்டேட் செய்து பிரின்டர் நின்றுபோனால் அதன் பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

1,500 ரூபாய் விண்டோஸ் 11

தகுதியில்லாத கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்கு வழிகள் உண்டு. பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஏற்றிய சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. வருடாவருடம் வரும் பெரிய பதிப்பும் தானாக வராது. அப்டேட்டுக்காகத்தான் இந்த மாற்றமே. அது வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதோடு 1,500 ரூபாயில் லைசென்ஸும் அடக்கம் என்று சொன்னால், அது பெரும்பாலும் ஆக்டிவேட்டர் என்ற கிராக் சமாச்சாரம்தான். அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே என்ன நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே சட்டமும் வருகிறது. கோரல் டிரா இரண்டு சிஸ்டத்தில் இருக்கிறது, பில் ஒன்றுக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சிஸ்டம் மாற்றும் பட்ஜெட்டில் இந்த இரண்டாவது லைசென்ஸையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்பதற்காகத்தான்.

யார் வந்து விண்டோஸ் 11 போட்டாலும் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாகின் செய்கிறார்? இப்போதைய விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு அக்கவுன்டில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் ரெகவரி கீ அந்த அக்கவுன்டில் போய் உட்காரும். சர்வீஸ் பையன் அவசரத்துக்குத் தன் அக்கவுன்டைப் போட்டுவிட்டால் உங்கள் அச்சகத்தின் சாவி அவரிடம். அவர் ஊருக்குப் போய்விட்டால் உங்கள் ஃபைல் உங்களுக்கே இல்லை. அச்சகத்தின் பெயரில் ஒரு மெயில், ஒரு அக்கவுன்ட் தொடங்குங்கள். கீயைத் தாளில் அச்சடித்து பீரோவில் வையுங்கள்.

காசு கொடுத்து விண்டோஸ் 10-க்கே அப்டேட் வாங்கலாமே என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வீட்டு உபயோகத்துக்கான திட்டம் 2026 அக்டோபர் 13-ஓடு முடிகிறது. அது தொழிலுக்கானது இல்லை. நிறுவனங்களுக்கான திட்டத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, அதற்கடுத்து மறுபடி இரட்டிப்பு, மூன்று வருடம் வரைதான். தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று வருடக் கணக்கு 427 டாலர். அந்தக் காசு புது சிஸ்டத்துக்கே போகலாம். 11 ஏற முடியாத ரிப் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு வேண்டுமானால் யோசியுங்கள்.

பேஜ்மேக்கரும் உங்கள் டிசைனரும்

கடிதத்தில் எனக்கு மனசு நின்ற இடம் இது. பதினேழு வருடம் கூட இருந்தவர், 'நானும் போகிறேன்' என்று சொல்வது முரண்டு இல்லை. புது சிஸ்டம் வந்தால் தன் கைத்திறமைக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் மேட்டரைப் புது மென்பொருளில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். அந்த எழுத்துருக்கள் எல்லா மென்பொருளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லை. கன்னடத்திலும் இதே கதைதான். இன்டிசைன் என்ற புதிய பக்க அமைப்பு மென்பொருளில், பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் கடைசிப் பதிப்பு சி.எஸ்.6. அதற்குப் பின் வந்தவை திறக்காது. எனவே, எல்லாவற்றையும் கன்வெர்ட் செய்துவிடலாம் சார் என்று வியாபாரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பழைய சிஸ்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையும் வேண்டாம். வாடிக்கையாளரின் பென் டிரைவ் அதில் ஏறவே கூடாது. அதற்கென்று தனி பென் டிரைவ் ஒன்று, அப்டேட் உள்ள சிஸ்டத்தில் செக் செய்த பிறகுதான் போக வேண்டும். வெளியே வருவது பி.டி.எஃப். மட்டும். டிஸ்க்கை அப்படியே ஒரு குளோன் எடுத்து வைத்துவிடுங்கள். டாங்கிள் கெட்டுப்போனால் குளோனும் உதவாது. அதனால் எழுத்துரு விற்றவரிடம், யூனிகோட் உள்ள புதிய பதிப்புக்கு மாற்றித் தருவாரா என்று இப்போதே கேளுங்கள்.

பழைய வேலை திரும்பி வரும்போது மட்டும் அந்த வேலையைப் புதிதில் மறுபடி அமைக்கட்டும். புது வேலை எல்லாம் முதலிலிருந்தே யூனிகோடில். ஆடி மாதம் கல்யாண வேலை குறையும், கன்னடக்காரர்களுக்கும் ஆஷாடம் அப்படித்தான். அந்த மாதத்தில் அவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். எந்தக் கார்டு முதலில் மாற வேண்டும் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். மூன்று மொழியிலும் எது எங்கே உடையும் என்று அவருக்குத் தெரிந்ததுபோல எந்த கன்வெர்ட்டருக்கும் தெரியாது.

ஒன்று முன்கூட்டியே சொல்கிறேன். புது விண்டோஸ் 11-லிருந்து, நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற சிஸ்டங்களின் ஷேர் ஃபோல்டர் திறக்காமல் போகலாம். பாஸ்வேர்ட் இல்லாத ஷேரையும் பழைய எஸ்.எம்.பி. முறையையும் அது ஏற்பதில்லை. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. எஸ்.எம்.பி.1-ஐ ஆன் செய்துவிட்டேன், இப்போது திறக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே அதை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். வான்னக்ரை வந்த வழியே அதுதான்.

பள்ளி அடையாள அட்டைகள்

இதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிகள் ஒரு எக்செல் ஃபைல் அனுப்புகின்றன. குழந்தையின் பெயர், போட்டோ, ரத்த வகை, அப்பா அம்மா போன் நம்பர், வீட்டு முகவரி. அவை கவுன்டர் சிஸ்டத்தில் டவுன்லோட் ஃபோல்டரில் வருடக்கணக்காகக் கிடக்கும் என்று நினைக்கிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சட்டப்படி பொறுப்பு முதலில் பள்ளிக்கு. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பள்ளி தன் வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. ஆகவே இனி பள்ளிகள் உங்களிடம் ஒப்பந்தம் கேட்கும். அப்டேட் நின்ற கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் விவரம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா, பாருங்கள்.

அட்டை டெலிவரி ஆனதும் பள்ளியிடம் சொல்லிவிட்டு அந்த ஃபைல்களை அழிக்கும் பழக்கத்தை இந்த வருடமே தொடங்குங்கள். கழித்துக்கட்டும் சிஸ்டங்களின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அழித்த பிறகுதான் பதிவு பெற்ற மின்கழிவு மையத்துக்குக் கொடுக்க வேண்டும். எடைக்குப் போடாதீர்கள்.

பணத்தைப் பற்றி

எதைத் தொடுவதற்கு முன்பும் பேக்கப். இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒன்றாக மாற்றி எழுதி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது, ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எழுதியதிலிருந்து நாலு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்தும் பாருங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் டேலி டேட்டாவுக்கு இது சட்டக் கடமையும்கூட.

நான் கணக்குப் போட்டவரை, உடனே வாங்க வேண்டியது அக்கவுன்ட்ஸ் சிஸ்டம் ஒன்று. பழைய டிசைன் சிஸ்டத்தின் எண் எட்டுக்குக் கீழே இருந்தால் இரண்டு. கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் கிடைக்கும். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இல்லையென்றால் ஜி.எஸ்.டி. கிரெடிட்டும் உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கி ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

வியாபாரியோடு சண்டை வேண்டாம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக, பிராசசர் எண், விண்டோஸ் எடிஷன், மாற்றச் சொல்வதற்கான காரணம் ஆகியவற்றை எழுதிப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். அது வந்ததும், ரிப் கம்ப்யூட்டரின் எடிஷன் பெயரையும் எஸ்.பி. ரோட்டு சிஸ்டத்தின் எண்ணையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். மெஷின் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.